ஆரும் என்னை எழுப்பாதேங்கோ

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில், சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கதிரைகளைத் தள்ளி விளையாடத் தொடங்கும் நேரத்தில் ஒரு பாட்டுப் பாடுவார்கள். இப்போது அதற்கு மேளம் உண்டு, கீபோர்ட் உண்டு, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு முன்னுரை சொல்ல ஒரு தம்பியும் உண்டு. வன்னிப் பக்கத்துப் பழைய நாட்டுப்பாடல் இது, யார் கட்டியது என்று தெரியாது, வாய்வழியாக வந்தது என்று அவர் சொல்லுவார். நான் பின்வரிசையில் இருந்து வடையைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். வன்னியை நான் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி. அந்தப் பாட்டைக் கட்டியவள் நான். கட்டிய இடம் வேலை முடிந்து பிரான்காச்சோவிலிருந்து திரும்பி வரும் பஸ். எழுந்து சொல்லிவிடலாம் என்று ஒருமுறை நினைத்தேன். முழங்கால் வலி. எழும்புவதற்கு ஏதாவது பெரிய காரணம் வேண்டும், பெருமை அதற்குக் காணாது.

இப்போது எழுதுவதும் பெருமைக்கு அல்ல. அந்தப் பாட்டின் கடைசி வரி என்னுடையது இல்லை. அதைப் போட்டவள் வேறொருத்தி. அவள் ஏன் அதைப் போட்டாள் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வடக்கே போய்விட்டார்கள், சிலர் லண்டனுக்கும் போய்விட்டார்கள். நானும் போய்விட்டால் வன்னிக்காரர் தலையில் அது நிரந்தரமாக விழுந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் இருந்தோம். மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. பக்கத்துக் கட்டிடத்தில் எப்போதோ நடந்த யுத்தத்தில் குண்டு விழுந்து கூரை போயிருந்தது, பிறகு அதை யாரும் திருத்தவில்லை. வந்த முதல்நாள் என் கணவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, பிழையான விமானத்தில் ஏறி ஊருக்கே திரும்பிவிட்டோமோ என்று கேட்டார். அவர் பேசியதில் எனக்கு நினைவிருக்கிற சில வசனங்களில் அது ஒன்று. அவர் அதிகம் கதைக்க மாட்டார். கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுவார், மாரியில் கிடைத்த வேலைக்குப் போவார், கிடைக்காவிட்டால் கடலைப் பார்ப்பார்.

அந்த வீட்டின் மற்ற அறையில் அவள் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். இரத்த உறவு இல்லை, ஆனால் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவள் என்னை அக்கா என்பாள். அவளுடைய கணவருக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் ரயில் ஏறி வந்து, இரண்டு நாள் நித்திரை கொண்டுவிட்டுப் போவார். கீழ்வீட்டில் மொரீசியஸ்காரர் ஒருவர். அவருடைய பாட்டன் பூட்டன் தமிழர்கள், இவருக்குத் தமிழ் கதைக்கத் தெரியாது. ஆனால் தேவாரம் முழுதாகத் தெரியும். பொருள் விளங்காமல், ஓர் எழுத்துப் பிசகாமல் பாடுவார். எங்களோடு கதைப்பது உடைந்த இத்தாலியனில்.

அவரிடம் ஒரு கிட்டாரும் ஒரு பெட்டி நிறைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக் கசெட்டுகளும் இருந்தன. குதிரை, ரயில், மழை, விட்டுப்போன மனைவி, இவைதான் அந்தப் பாட்டுகளில் எல்லாம். மூக்கால் பாடுவார்கள். இதை ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வேலை முடிந்து வந்தவனுக்கு வேறு பாட்டு ஏறாது என்றார். பிறகு நானும் படிக்கட்டில் இருந்து கேட்கத் தொடங்கினேன். மூன்றாம் மாடிக்கு ஏறுமுன் மூச்சு எடுக்க ஓர் இடம் வேண்டுமே.

எனக்குக் காலையில் சினியோரா ஒருத்தியின் வீடு, பின்னேரம் பிரான்காச்சோவில் ஒரு பட்டறையின் படிக்கட்டும் கந்தோரும், எல்லாம் கூட்டித் துடைக்கிற வேலை. சினியோரா நல்லவள். நல்லவர்கள் வீட்டிலும் தரை அழுக்காகத்தான் இருக்கும். ஒருநாள் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போது, முற்பிறப்பில் நான் மாடாகத்தான் இருந்திருக்க வேண்டும், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை என்று நினைத்தேன். நினைத்தது பாட்டாக வந்தது. இறங்கி வந்து படிக்கட்டில் இருந்து பாடினேன். மொரீசியஸ்காரர் கிட்டாரை எடுத்து, தன் குதிரைக்காரர்கள் பாடுகிற நடையில் அதற்குத் தாளம் வைத்தார்.

ஒரு பிறப்பில் மாடாய் வந்தேன்,
உழுத வயல் என்னதில்லை.
மறு பிறப்பில் மேகமானேன்,
மழைபெய்த ஊர் என்னதில்லை.
இப்பிறப்பில் இஞ்சை வந்தேன்,
இழுத்துக் கூட்டும் தரை என்னதில்லை.
அடுத்த பிறப்பு ஒண்டிருந்தால்
ஆரும் என்னை எழுப்பாதேங்கோ.

இதில் பெரிய தத்துவம் இருக்கிறது என்று கலியாண வீட்டுத் தம்பி சொல்லுவார். தத்துவம் இல்லை, முதுகுவலி. தங்கச்சி மேலே இருந்து யன்னலால் கேட்டுச் சிரித்தாள். அக்கா, அந்தக் கடைசி வரியை எனக்கும் சேர்த்துப் பாடுங்கோ என்றாள். அப்போது அவளுக்கு அந்த வரி பிடித்திருந்தது.

அந்த வருடக் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் வீடு வாசலை விட்டு மொத்தமாகக் கிளம்பியது. மழைக்குள், ஒரு பாலத்தால், இலட்சக்கணக்கில். நாங்கள் இங்கே வானொலியைக் காதோடு ஒட்டிக்கொண்டு இருந்தோம். தங்கச்சிக்கு ஊரில் இருந்தது தகப்பன் ஒருவர்தான். தாய் எப்போதோ போய்விட்டாள், கூடப்பிறந்தவர்கள் இல்லை. வாரக்கணக்கில் செய்தி இல்லை. பிறகு அவளுடைய மச்சான் ஒருவன் எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து, கீழ்வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தான். எங்கள் கட்டிடத்தில் தொலைபேசி மொரீசியஸ்காரரிடம் மட்டும்தான் இருந்தது. தெருவோரத்தில் கிழவர் ஒருவர் செத்துக் கிடந்தாராம். தலைக்கு அணையாக ஒரு பை. பையைத் திறந்தால் தங்கச்சியின் கலியாணப் படமும் எங்கள் பலெர்மோ விலாசமும். கூட நடந்த சனம் அந்த இடத்திலேயே அடக்கம் பண்ணிவிட்டு நடந்ததாம். முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே என்று மச்சான் அழுதான்.

அவளால் போக முடியாது. வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமைக் கந்தோரில், கிடந்தது. கிடைத்திருந்தாலும் எங்கே போவது, எந்தத் தெருவோரத்துக்கு? செய்தி வந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு மொண்டெல்லோவுக்குப் போனோம். கோடையில் கால் வைக்க இடமில்லாத கடற்கரை அது. குளித்து உடுப்பு மாற்றுகிற பலகை அறைகள் எல்லாம் அன்று பூட்டிக் கிடந்தன. கறுத்த எள்ளு கிடைக்கவில்லை. சிசிலிக்காரர் பாணில் தூவுகிற வெள்ளை எள்ளைத்தான் கொண்டுபோனோம். இது சரிவருமோ என்று அவள் கேட்டாள். செத்தவர் தலை கிழக்கே இருந்தால் என்ன மேற்கே இருந்தால் என்ன என்று என் வாய்க்கு வந்தது, நல்லவேளையாக விழுங்கிவிட்டேன். ஊரில் என்றால் அந்த இடத்தில் பெண்ணுக்கு வேலை இல்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடென்றால் மருமகன் செய்வான். மருமகனுக்கோ லீவு கிடைக்கவில்லை. மொரீசியஸ்காரர் தேவாரம் பாட, அவள் முழங்கால் தண்ணீரில் நின்று தன் கையாலேயே எள்ளும் தண்ணீரும் இறைத்தாள். நாயோடு உலாவ வந்த ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

ஆண்டுத் திவசம் வருமுன் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. இடது காதின் கீழே மிளகளவில் ஒரு மறு. தகப்பனுக்கும் அதே இடத்தில் இருந்ததாம். இனி என்ன சாட்சி வேண்டும்? பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஐயாதான் வந்து பிறந்திருக்கிறார் என்றார்கள். ஒரு வருடத்துக்குள் அந்த வீட்டில் பிறந்தால் போனவர் திரும்பிவந்ததாகத்தான் எங்கள் சனம் சொல்லும். ஆம்பிளை எப்படிப் பொம்பிளையாக வந்தது என்று ஒரு பெண் இழுத்தாள். தங்கச்சி விட்டுக்கொடுக்கவில்லை. அம்மா போனபிறகு ஐயாதான் எனக்குச் சமைச்சுத் தந்தவர், தலை இழுத்துப் பின்னினவர், அவருக்கு என்ன கஷ்டம் என்றாள். குவெஸ்தூராவுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று நல்ல பெயர் ஒன்று பதிந்தார்கள். வீட்டில் அதை ஒருவரும் பாவிக்கவில்லை. தங்கச்சி பிள்ளையை ஐயா என்றுதான் கூப்பிட்டாள்.

பிள்ளைகளைச் செல்லமாக ஐயா, அம்மா என்று கூப்பிடுவது எங்களிடம் உள்ளதுதான். இது அப்படி இல்லை. மீன் பொரித்தால் நல்ல துண்டு முதலில் ஐயாவுக்கு. கால் தவறிப் பட்டுவிட்டால் பிள்ளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுவாள். தகப்பன் வெறுந்தேத்தண்ணியைச் சீனிக்கட்டியோடு கடித்துக் குடிப்பாராம், இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த மாதிரியே கொடுத்தாள். பிள்ளை கோப்பையை எறிந்தால் பொறுக்கினாள், முகத்தில் அடித்தால் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பற்றி எரியும். பிள்ளை கெட்டுப்போகுது, ஒரு அதட்டுப் போடு என்றேன்.

"பெத்த தேப்பனை எப்பிடி அக்கா அதட்டுறது?" என்றாள்.

அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு ஆறுதல்தான். மற்றதெல்லாம் என்னைப்போல வேலையும் படிக்கட்டும். நான் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் மூடிய வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

பிள்ளைக்கு என் பாட்டில்தான் நித்திரை வரும். கீழே கிட்டார் கேட்டாலே கண் சொருகும். தங்கச்சிக்கு இப்போது கடைசி வரி பொறுக்கவில்லை. ஆரும் என்னை எழுப்பாதேங்கோ என்று இவரின் காதுக்குள் பாடலாமா, பிறகு திரும்பிப் போய்விட்டால் என்றாள். என் பாட்டு, என் முதுகுவலி, நான் ஏன் மாற்ற வேண்டும் என்று சண்டை பிடித்தேன். இரண்டு நாள் முகம் பாராமல் சமைத்தோம். மூன்றாம் நாள் அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தானே ஒரு வரியைப் போட்டுப் பாடினாள்.

அடுத்த பிறப்பு ஒண்டிருந்தால்
அப்பவும் உன்ரை மடி தாவன்.

தகப்பன் மகளிடம் கேட்கிறமாதிரி. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டேன். என் முழுப் பாட்டையும்விட அந்த ஒரு வரி நல்லாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. சனம் அந்த வரியோடுதான் பாட்டை எடுத்துக்கொண்டு போனது. தாலாட்டுக் கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடினார்கள், பிறகு பிறந்தநாள் வீடு, பிறகு கலியாண வீடு.

பிள்ளைக்கு மூன்று வயதானதும் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற அசிலோவில், அதாவது குஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். நவம்பர் பிறந்தது. பலெர்மோவில் நவம்பர் இரண்டாந்திகதி செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள். சீனியில் செய்த பொம்மை, பாதாம் விழுதில் செய்த பழம், விளையாட்டுச் சாமான். எங்கள் நாட்டில் செத்தவருக்கு நாங்கள் படைப்போம், இங்கே செத்தவர் உயிரோடு இருப்பவருக்குப் படைக்கிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் நொன்னோ கொண்டுவருவாராம், எனக்கும் நொன்னோ வருவாரோ என்று பிள்ளை கேட்டது.

நொன்னோ என்றால் தாத்தா. தங்கச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. நீங்கள்தானே நொன்னோ என்றாள்.

பிள்ளை ஓவென்று அழத் தொடங்கியது. எல்லாருடைய நொன்னோவும் வருவார், தன்னுடையவர் மட்டும் வர மாட்டார், ஏனென்றால் அவர் இங்கேயே கட்டைச்சட்டையோடு நிற்கிறார் என்று அதற்கு விளங்கிவிட்டது. நான் தெருமுனைக் கடையில் ஒரு சீனிப்பொம்மை வாங்கிவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆர் கொண்டுவந்தது என்று பிள்ளை கேட்டபோது தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். அன்று அந்தப் பிள்ளையை நினைத்து எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது.

அந்த மாதம் முடியுமுன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மொரீசியஸ்காரர் கீழே இருந்து கத்திக் கூப்பிட்டார். தங்கச்சி அப்போதுதான் வேலையால் வந்து பிள்ளையைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் போய் எடுத்தேன். வவுனியாவிலிருந்து ஒருவர். அங்கே கொமினிக்கேசன் என்று சொல்லுகிற தொலைபேசிக் கடை ஒன்றிலிருந்து கதைத்தார். தங்கச்சியின் ஊர்க்காரர், மகன் ஒருவன் பலெர்மோவில் இருக்கிறான், அவனிடம் இலக்கம் வாங்கினாராம். கண் வைத்தியத்துக்கு வெளியில் வரப் பாஸ் எடுத்து வன்னியிலிருந்து வந்த ஒரு கிழவரை ஆஸ்பத்திரி வரிசையில் கண்டாராம். அது தங்கச்சியின் தகப்பன்.

கிழவர் சாகவில்லை. இடம்பெயர்ந்த அன்று முன்பின் தெரியாத ஒரு வயோதிபர் நடக்க ஏலாமல் விழுந்துவிட்டார். இவர் தன் பையை அவருடைய தலைக்குக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார். போனவரைச் சனம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. விலாசம் பையோடு போனது. மகள் இத்தாலியில் என்பது மட்டும் தெரியும். இத்தாலி என்று எழுதிப் போட்டால் எந்தத் தபால்காரன் கொண்டுபோய்க் கொடுப்பான்? நாளைக்கு இதே நேரம் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன், திங்கள் காலமை பாஸ் முடியுது, திரும்பிப் போகவேணும், பிறகு எப்ப வெளியில விடுவாங்களோ தெரியாது என்றார் அவர். மகள் கட்டாயம் நிற்கவேணும் என்றார்.

மூன்று மாடியும் ஏறினேன். அந்தப் படிக்கட்டில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு மெதுவாக நான் ஏறியதில்லை. இத்தனைக்கும் நல்ல செய்திதான் கொண்டுபோகிறேன்.

"தங்கச்சி, உன்ரை ஐயா உயிரோடை இருக்கிறார்" என்றேன்.

அவள் விரலை உதட்டில் வைத்தாள். "மெதுவா அக்கா, இப்பதான் நித்திரையானவர்."

அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு இந்தக் கையாலை எள்ளும் தண்ணியும் இறைச்சுப்போட்டன். நான் கதைக்க மாட்டன்."

பிறகு அறைப்பக்கம் திரும்பி, "அப்ப இவ ஆர்?" என்று கேட்டாள். தகப்பன் வந்துவிட்டார், ஆனால் தகப்பன் போய்விட்டார். இரண்டும் ஒரே நிமிடத்தில் அவளுக்கு நடந்தது. நாளைக்கு அவள் கதைக்காவிட்டால் கிழவர் மகள் இருந்தும் இல்லாதவராகத் திரும்பிப் போவார், அவளுக்கு இன்னொரு நாள் கிடைக்குமோ தெரியாது. அதை நான் எத்தனை விதமாகச் சொல்லியும் அவள் கேட்கவில்லை. கருமாதி செய்தவரோடு வாய் திறந்து கதைத்தால் அவருக்குத்தான் ஆகாது, தன் குரல் கேட்டால் அவர் உண்மையாகவே செத்துவிடுவார் என்று நடுங்கினாள்.

பின்னேரம் கீழே மொரீசியஸ்காரர் விசயம் தெரியாமல் கிட்டாரை எடுத்தார். பிள்ளை பாட்டுப் பாடச்சொன்னது. தங்கச்சி பழக்கத்தில் பாடத் தொடங்கினாள். மாடு வந்தது, மேகம் வந்தது, தரை வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். உன் மடி தா என்று கேட்பதென்றால் அவர் முதலில் சாகவேண்டும். அந்த வரியை இனி எந்த வாயால் பாடுவாள்? விட்ட இடத்தைப் பிள்ளையே பாடி முடித்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்கவில்லை.

என் கணவர் கதவடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு இருந்தார். அவர் கடற்கரை ஊர்க்காரர். அவருடைய பாட்டன்மார் பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போன ஆட்கள். ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்தபடியே அவர் கதைத்தார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு வீட்டில் எல்லாம் செய்து முடித்திருப்பார்களாம். சிலர் வருடங்கள் கழித்து வந்து நிற்பார்களாம். வந்தவரை நேரே வீட்டுக்குள் எடுப்பதில்லை. தலையில் தண்ணீர் ஊற்றி, பிறந்த பிள்ளைக்குச் செய்கிறமாதிரி வலது காதுக்குள் மூன்றுதரம் பெயரைச் சொல்லி, பிறகுதான் எடுப்பார்களாம். அதோடு செய்த காரியம் எல்லாம் அழிந்துவிடும், ஆள் புதுசாகப் பிறந்த கணக்கு.

"நீ ஊத்தின தண்ணி வீண்போகேல்லை, பிள்ளை" என்றார் பிறகு. "தலைக்குப் பையோடை செத்துக் கிடந்தாரே, அந்த மனிசனுக்கு ஆர் ஊத்தியிருப்பினம்? அவருக்குப் போயிருக்கும்."

அவ்வளவுதான். மற்றச் சப்பாத்தையும் கழற்றினார். தங்கச்சி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு உள்ளே போய், நித்திரையாகிவிட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கீழ்வீட்டில் நின்றோம். மொரீசியஸ்காரர் தொலைபேசியை ஒரு கதிரையில் வைத்து, பக்கத்தில் சாம்பிராணிக் குச்சி கொளுத்தியிருந்தார். மணி அடித்தது. தங்கச்சி சுவரோடு ஒட்டி நின்றாள், கிட்ட வரவில்லை. நான் எடுத்தேன். இரைச்சலுக்குள் ஒரு மெல்லிய குரல், பிள்ளையோ என்று கேட்டது. நான் யார் என்று சொன்னேன்.

"பிள்ளைக்குக் கோவமோ?" என்றார்.

"கோவமில்லை மாமா, பயம்."

நடந்ததையும் செய்யவேண்டியதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் தனக்குச் செய்து முடித்தது தெரிந்து வருத்தப்படுவார் என்று பயந்தேன். தன் பிள்ளை தன்னை அநாதையாக விடவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பக்கத்தில் வாளிச் சத்தம் கேட்டது. கொமினிக்கேசன்காரர் தன் கடை வாசலில் வைத்து அவருடைய தலையில் தண்ணீர் ஊற்றினார். இனிப் பெயரைச் சொல்லவேண்டும்.

அங்கேதான் இன்னொரு சிக்கல். பெற்ற தகப்பனின் பெயரை எங்கள் பெண்பிள்ளைகள் வாயால் சொல்லுவதில்லை. தங்கச்சி தன் வாழ்நாளில் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. குவெஸ்தூராவில் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டபோதும் எழுதித்தான் காட்டினாள். நான் சொல்லலாம் என்றால் நான் அந்த வீட்டு ஆள் இல்லை. இரத்தம் வேண்டும் என்றார் என் கணவர். இரத்தம் என்று இருந்தது மகளும் பேத்தியும். பேத்திக்கு அந்தப் பெயரே தெரியாது. அந்த வீட்டில் அதை ஒருவரும் உச்சரித்ததில்லையே.

தொலைபேசிக்குள் ஈரத்தோடு அவர் காத்துக்கொண்டு நின்றார். இருமினார். தங்கச்சி சுவரை விட்டு வந்தாள். பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அதன் தலைமயிரை ஒதுக்கி, வலது காதுக்குள் வாயை வைத்து ஏதோ சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கூச்சமாக இருந்திருக்கவேண்டும், தோளை நெளித்துச் சிரித்தது. நான் தொலைபேசியை அதன் வாயடியில் பிடித்தேன். பிள்ளை சிசிலிக்காரரின் இராகத்தில், கடைசி எழுத்தை இழுத்து, அந்தப் பெயரைச் சொன்னது. தாய் இரண்டாம் தரம் காதுக்குள் சொன்னாள். பிள்ளை சொன்னது. மூன்றாம் தரமும்.

"ஓம்" என்றார் அவர். "ஓம். வந்திட்டன்."

இது ஆர் என்று பிள்ளை கேட்டது. உங்கடை நொன்னோ என்றாள் தங்கச்சி. நொன்னோ நான் இல்லையோ என்றது பிள்ளை. இல்லை என்று தங்கச்சி சொன்னாள், சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினாள். அதன் பிறகு அவள் கதைத்ததை நான் எழுதப்போவதில்லை. அநேகமாக ஏச்சு. ஏன் தேடவில்லை, ஏன் பையைக் கொடுத்தீர்கள், முன்பின் தெரியாதவனுக்குத் தண்ணீர் தேடி உங்களை ஆர் போகச்சொன்னது என்று ஏசினாள், அழுதாள், சாப்பிட்டீர்களோ என்று கேட்டாள். அத்தனை வருடம் அந்த வாயில் வராத அதட்டல் எல்லாம் வந்தது. மொரீசியஸ்காரர் ஒன்றும் விளங்காமல் என் கணவரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். பிறகு இரைச்சல் கூடி, தொடர்பு அறுந்தது.

அவள் தொலைபேசியைக் கதிரையில் திரும்ப வைத்தாள். பிள்ளை தரையில் இருந்து சாம்பிராணிச் சாம்பலை விரலால் தொட்டுத் தொட்டு வெள்ளைச் சட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். ஐயா என்று கூப்பிட வாய் எடுத்தாள், நான் கண்டேன், அது வரவில்லை. இன்னொருதரம் வாயைத் திறந்து, குவெஸ்தூராவில் பதிந்த பெயரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டாள். பிறந்த நாளிலிருந்து அன்றுதான் முதல்முறை.

பிள்ளை துள்ளி எழும்பியது. அந்தப் பெயரால் அதைக் கூப்பிடுவது கன்னியாஸ்திரிகள் மட்டும்தான், காலையில் வந்தவர்களை இடாப்பில் பதியப் பெயர் கூப்பிடும்போது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சாம்பல் பிடித்த கையை உயரத் தூக்கி, தாயை நேரே பார்த்து, "பிரெசென்தே" என்றது.